ஏரிக்காவலும் நரியின் பெயரும்

ஆலங்கரை ஏரியில் செவத்தாயி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. மஞ்சள் கால், சிவந்த மூக்கு, ஊரையே கூட்டும் தொண்டை. ஏரிப்பக்கம் எவனாவது திருட வந்தால் போதும், "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" என்று சொந்தக்காரக் குருவிகளோடு சேர்ந்து கத்தித் தீர்த்துவிடும். கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த நாரைகளும் கூழைக்கடாக்களும் உடனே பறந்து வந்து முட்டைகளை மூடிக்கொள்ளும்.

ஒரு வருடம் வெளிக்காட்டு உடும்புகளும் முட்டை தின்ன வரத் தொடங்கின. காட்டு ராஜாவான புலி ஓர் அறிவிப்பு விட்டது.

"ஏரிக் காவலை ஒப்பந்தத்துக்கு விடுகிறோம்! மழைக்காலத்துக்கு மழைக்காலம் புது ஒப்பந்தம். காவல் எடுப்பவருக்கு ஏரி நடுவில் இருக்கும் மேட்டுத் திட்டு!"

செவத்தாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில்தான் முட்டையிடும். பெருமழை வந்தால் கரையோர முட்டையெல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். திட்டு மட்டும் கிடைத்துவிட்டால் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்!

ஓடியது காரியதரிசி கரடியிடம். கரடி அதை மேலும் கீழும் பார்த்தது.

"காவல்ல முன் அனுபவம் உண்டா?"

"பொறந்ததுல இருந்து அதைத்தானே ஐயா செய்யறோம்!"

"யாரு உத்தரவு போட்டாங்க? உத்தரவு இல்லாம கத்தினா அதுக்குப் பேரு இரைச்சல். அரசாங்க அனுபவம் இருக்கா?"

"அரசாங்கம் வேலை கொடுத்தாத்தானே ஐயா அனுபவம் வரும்?"

"அனுபவம் இருந்தாத்தான் வேலை! அடுத்தது யாரு?"

அடுத்தது நரி மாசிலாமணி. ராஜாவின் குகை வாசலில் அதன் ஆட்கள் காவல் நின்றிருக்கிறார்களாம். நின்றார்களா, படுத்துத் தூங்கினார்களா என்று கரடி கேட்கவில்லை. ஒப்பந்தம் நரிக்குப் போனது.

மறுநாளே நரி செவத்தாயியைத் தேடி வந்தது.

"ஏம்மா குருவி, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நம்மகிட்ட வேலைக்கு வந்துடு. எப்பவும் போலக் கத்து, போதும். திட்டுல ஒரு ஓரம் தர்றேன். ஒரு மழைக்காலம் வேலை பார்த்தா உனக்கும் அரசாங்க அனுபவம் வந்துடும். அடுத்த தடவை நீயே எடுத்துக்க!"

"நெசமாவா அண்ணே?"

"நான் பொய் சொல்லுவேனா?"

செவத்தாயி நம்பிவிட்டது. பிசகியது அங்கேதான்.

மழைக்காலம் பிறந்தது. நரிகள் திட்டில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டன. செவத்தாயி தன் ஓரத்தைக் கேட்டபோது, "இடமே இல்லையேம்மா, மழை விடட்டும், பார்க்கலாம்!" என்றது மாசிலாமணி. மழை விடவில்லை. கரையில் தண்ணீர் ஏறியது. செவத்தாயியின் முட்டைகள் அதன் கண் முன்னாலேயே மிதந்து போயின.

அன்றைக்கும் ஓர் உடும்பு வந்தது. பாவி மகள், அழுதுகொண்டே கத்தினாள்! தன் முட்டை போனாலும் ஊரார் முட்டை பிழைக்கட்டும் என்று கத்தினாள்.

மழைக்காலம் முடிந்ததும் புலி ராஜா, "ஒரு முட்டைகூடக் களவு போகவில்லை. பேஷ், மாசிலாமணி!" என்று நரிக்கு மயிலிறகு கொடுத்தது. நரி அதைக் கூசாமல் வாங்கிச் செருகிக்கொண்டது. கேட்கும் நமக்கே வயிறு எரிகிறது, செவத்தாயிக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுபடியும் ஒப்பந்தம் விடும் நாள் வந்தது. ஏரிக்கரைப் பாறையில் சபை கூடியது. காவல் கேட்பவர்கள் தங்கள் ஆட்களை ஒருவர் விடாமல் கூட்டிவந்து வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது கரடியின் சட்டம். நரிக் கூட்டம் முழுவதும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிரே செவத்தாயியின் கூட்டம் முழுவதும் நின்றது. யாராவது காவலுக்கு இருப்பார்கள் என்ற தைரியத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டை விட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தன.

"மகாராஜா, எண்ணிப் பாருங்க! என் ஆள் அத்தனை பேரும் இங்கே இருக்காங்க. ஒரு வால்கூடக் குறையாது!" என்றது மாசிலாமணி.

கரடி செவத்தாயி பக்கம் திரும்பியது. "அனுபவம்?"

"போன மழைக்காலம் பூரா இந்த ஏரியைக் காத்தது நாங்கதான்!"

"அது மாசிலாமணி பேர்ல நடந்த காவல். அனுபவம் அவருக்குத்தான் சேரும். உன் பேர்ல என்ன இருக்கு?"

"அடப்பாவிகளா! கத்தினது என் தொண்டை, போனது என் முட்டை, பேரு மட்டும் அவனுக்கா? நீங்கல்லாம்..."

சட்டென்று செவத்தாயி நிறுத்தியது. ஏரியில் தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது. தவளை வாயை மூடினால் ஏதோ ஊர்ந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். அங்கே காவலுக்கு ஒரு ஜீவன் இல்லை!

செவத்தாயி இறக்கையை விரித்தது.

"வரிசையை விட்டுப் போனா உன் விண்ணப்பம் தள்ளுபடி!" என்று அதட்டியது கரடி.

"தள்ளிக்கோ! நீயும் உன் வரிசையும்!" என்று கத்திவிட்டு அது பறந்துபோனது.

கருவேல மரத்தில் பாதி ஏறியிருந்தது ஒரு கொழுத்த உடும்பு. செவத்தாயி அதன் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தது. "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" உடும்பு வாலைச் சுழற்றியதில் குருவியின் இறகுகள் பிய்ந்தன. அது விடவில்லை.

சத்தம் பாறைக்குக் கேட்டது. அவ்வளவுதான்! நாரைகளும் கூழைக்கடாக்களும் ராஜா இருப்பதையும் மறந்து கூடுகளுக்குப் பறந்தன. அத்தனை அலகுகளையும் கண்ட உடும்பு தண்ணீரில் குதித்து ஓடிவிட்டது.

சபையில் புலி ராஜா எழுந்து நின்றது.

"மாசிலாமணி, உன் ஆட்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்றாயே. அங்கே காவல் காப்பது யார்?"

"அது... அதுவும் நம்ம ஆள்தான் மகாராஜா!"

"அப்படியா? அதன் பெயர் என்ன?"

நரி முழித்தது. "குருவிங்க, மகாராஜா."

"ஒரு மழைக்காலம் முழுவதும் உனக்கு வேலை செய்திருக்கிறது. பெயர் தெரியாதா?"

நரி தலையைத் தொங்கப் போட்டது. கரடி ஏதோ சட்டம் சொல்ல வாயெடுத்து, ராஜாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

பிய்ந்த இறகோடு திரும்பி வந்தது செவத்தாயி.

"காவல் இனி உனக்கு. திட்டும் உனக்கு!" என்றது புலி.

செவத்தாயி கும்பிடவில்லை. "ராஜா, போன மழைக்காலம் பூரா இப்படித்தானே கத்தினேன்? உங்க காதுல விழலையா?"

"விழுந்தது. நரிகள் நன்றாகக் காக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்."

"நரி இப்படியா கத்தும், ராஜா?"

செவத்தாயி தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு திட்டுக்குப் பறந்தது.

அடுத்தவர் உழைப்பில் தன் பெயரை ஒட்டிக்கொள்பவன் திருடன் என்றால், உழைத்தது யார் என்று விசாரிக்காமல் பரிசு கொடுப்பவனும் அந்தத் திருட்டுக்குக் கூட்டாளிதான்.