மடி விட்ட கிடேரி

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு தயாபரர், காவி கட்டுவதற்கு முன்பு மாட்டு டாக்டர். சீடர் பொன்னுரங்கம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் குருவே அவரை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவார்.

குருவிடம் பாடம் கேட்டுப் பொன்னுரங்கம் கரைத்துக் குடிக்காத நூல் இல்லை. ஆனால் சொற்பொழிவுக்கு மேடை ஏறினால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியம் சொல்வார். முன்வரிசையில் இருக்கும் குருவின் முகத்தைப் பார்ப்பார். சரியாகச் சொன்னோமா என்று யோசிப்பார். அதோடு சரி, மைக் மட்டும் கொய்யென்று கத்திக்கொண்டிருக்கும்.

இரண்டு முறை அப்படி இறங்கி வந்தவரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பெரிய மனசு பண்ணி மூன்றாவது முறையும் அழைத்திருந்தார்கள். இன்றைக்கும் சொதப்பினால் இனி மேடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று பொன்னுரங்கம் முடிவுகட்டிவிட்டார்.

கிளம்புமுன் குருவைத் தேடிப் போனார். அவர் மாட்டுக் கொட்டகையில், முதல் சினையாக இருந்த கிடேரிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, உள்ள எல்லாம் இருக்குதுங்க. வெளியதான் வரமாட்டேங்குது. ஏனுங்க?"

குரு கிடேரியின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"அடடே, மடி விட்டிருச்சுங்களே! பால் வருதான்னு ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கட்டுங்களா?"

நீட்டிய கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. செல்ல அடிதான்.

"காம்பு நுனியில இருக்கற அடைப்பை ஒடச்சு மடிநோயை வரவெச்சிராதீங்க. இப்பப் பால் வராது."

"இத்தாப்பெரிய மடி இருந்துமா?"

"சினை மாட்டு ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஓடுதுங்க. புரோஜெஸ்டிரோன்னு பேரு. பால் ஊறுற அறையெல்லாம் அதுதான் பாத்துப் பாத்து வளத்துச்சு. பாலை வரவிடாமப் புடிச்சு வெச்சிருக்கறதும் அதேதான்."

"வளத்ததே தடுக்குதுங்களா? நல்ல கூத்துங்க!" பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எப்பத்தான் வரும்?"

"கன்னு போடற சமயத்துல அது வெலகிக்கும். அப்பறம் பாருங்க, பாத்திரம் பத்தாது."

பொன்னுரங்கம் கிடேரியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். தன் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று. வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது.

"வாங்க சாமி, போலாம். முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க."

குரு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அந்த நாற்காலியை எடுத்துரச் சொல்லுங்கய்யா."