அடம்பங்கொடி மேட்டு வீடு

ஒரு கடக்கரையில ஒரு தலைக்கனம் பிடிச்ச பொம்பள இருந்தா. பேரு பிரகாசி. சிரிக்காத ஏளா ஜெசிந்தா, கதையில வர்ற பிரகாசி வேற, உன் அத்தை பிரகாசி வேற. சரி சரி, ரெண்டும் ஒண்ணுதான். "ம்" போடு.

ம்.

அவளுக்கும் அவ அண்ணன் மிக்கேலுக்கும் கடலோரத்துல ஒரு மனை. ஆமா, உங்கப்பன்தான். பக்கத்து மனையில ஒருத்தன் மண்மேட்டையெல்லாம் வெட்டிச் சமமாக்கி ஹோட்டல் கட்டியிருந்தான். அவனுக்கு இந்த மனையும் வேணும். அண்ணன் குடுத்துருவோம்னான். பிரகாசி மாட்டேன்னா. அப்புறம் என்ன செஞ்சா? லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு வீடு கட்டுனா. கிளிஞ்சலைச் சுட்டு, அந்தச் சுண்ணாம்புல சுவரு வெச்சா. பனமரத்தை அறுத்துப் பனங்கை போட்டு ஓடு மேஞ்சா. ஓட்டுல விழற மழை அப்படியே தரைக்கடியில இருக்குற தொட்டிக்குப் போயிரும். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல அடம்பங்கொடி படர்ந்த மேடு இருந்துச்சு, அதுல ஒரு கூடை மண்ணுகூட எடுக்கல. நானே சொல்லிக்கிறேன், அந்தக் கரையிலேயே அப்படி ஒரு வீடு கிடையாது.

அப்போ அண்ணன் சொன்னான், "ஏசி இல்லாத வீட்டுக்கு எவன் வருவான்? முதல்ல வர்ற குடும்பம் மூணு நாள் முழுசாத் தங்கட்டும், வீடு உனக்கு. நடுவுல கிளம்பிட்டா மனை ஹோட்டலுக்கு." பிரகாசி சரின்னுட்டா. வாய்க்கொழுப்பு.

ம்.

வந்தாங்க. கோயமுத்தூர் தண்டபாணி, அவரு பொண்டாட்டி, அவரு அம்மா. முதல் நாள் வெயில் சுள்ளுன்னு அடிக்குது. "ஏனுங்க, ஏசி சுவிட்சு எங்கீங்க?"

"கடல்லருந்து கொண்டல் காத்து வரும், பொறுங்க."

ரெண்டு மணி ஆச்சு. பிரகாசி கடல் பக்கத்து சன்னலைத் திறந்தா, ஓட்டுக்கடியில இருக்குற பொந்தையும் திறந்தா. புஸ்ஸ்ஸ்... காத்து கீழ வந்துச்சு, வெக்கை மேல போயிருச்சு. தண்டபாணி கழட்டிப்போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டாரு.

ரெண்டாம் நாள் அவருக்கு வேற யோசனை. மேடு கடலை மறைக்குதாம். மண்வெட்டியை எடுத்துட்டாரு. சரக், சரக். பிரகாசி ஓடிப்போய் கொடி மேல உக்காந்துட்டா.

"நகருங்க. இல்லீனா இன்னைக்கே கிளம்பிர்றோம்."

நகர்ந்தா வீடு தங்கும், மேடு போயிரும். நகரலன்னா வீடே போயிரும். "கிளம்புறதுன்னா கிளம்புங்க. நான் எந்திரிக்க மாட்டேன்"னுட்டா.

பெட்டியெல்லாம் கட்டியாச்சு. அப்போ அவரு அம்மா, "நீங்க போங்கடா. எனக்கு இங்க குளுகுளுன்னு இருக்குது"ன்னு காலை நீட்டிப் படுத்துட்டாங்க. அம்மாவை விட்டுட்டு அவரு எப்படிப் போவாரு? அந்த அம்மா நல்லா இருக்கணும்.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

மூணாம் நாள், பட்டப்பகல். காத்தும் இல்ல, மழையும் இல்ல. கள்ளக்கடல் வந்துச்சு. சும்மா கிடக்குற கடல் திருட்டுத்தனமா ஏறி வரும், அதான் அந்தப் பேரு. தடால்! தடால்! அலை மேட்டுல வந்து மோதுச்சு. கொடி மண்ணை விடவே இல்ல. தண்டபாணி ரெண்டு வெட்டு வெட்டுன இடத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி ஒழுகி வந்து அவரு செருப்பை இழுத்துட்டுப் போச்சு. பக்கத்து ஹோட்டல்லதான் மேடே இல்லையே! சளக் புளக்னு தண்ணி உள்ள பூந்து நாற்காலியெல்லாம் மிதந்துச்சு. அங்க இருந்தவங்க எல்லாரும் எங்க ஓடியாந்தாங்க? பிரகாசி வீட்டுக்கு. தொட்டித் தண்ணியில அத்தனை பேருக்கும் டீ போட்டா.

நாலாம் நாள் காலையில அண்ணன் சாவி வாங்க வந்தான். தண்டபாணி மேட்டுல மண்ணள்ளிப் போட்டு அந்த வெட்டை அடைச்சிட்டு இருந்தாரு.

"நீங்க இன்னும் போகலையா?"

"இன்னும் நாலு நாள் கேட்டிருக்கோமுங்க."

அண்ணன் வீட்டை ஒரு சுத்து சுத்தி வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். நான் பின்னாலேயே போறேன். அப்புறம் மெதுவாச் சொன்னான், "பிரகாசி, வர்ற லீவுக்கு எம் பொண்ணுக்கு இங்க ஒரு ரூம் ஒதுக்கி வையி."

அம்புட்டுதான் சொன்னான். நான் அழுதுட்டேன் ஏளா, பெருமையில.

இதான் அந்த ரூம். ஜெசிந்தா... "ம்" சொல்லு. சொல்ல மாட்டியா? சரி. கதை கரையேறியாச்சு, நீ தூங்கு.