இல்லாத அம்மாவும் கூழையூர்ப் பாலமும்

கூழையூருக்குப் போகப் பரிசலை விட்டால் வேறு வழியில்லை. திரும்பி வரவும் அதே பரிசல்தான். அந்த ஊருக்கு ஆற்றுப் பாலம் கட்டித்தர ஒரு ஜப்பான் கம்பெனி முன்வந்தது. பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தங்கள் வாயால் சொன்னால் போதும். அதைக் கேட்டுப் போகப் பொறியாளர் நகமுரா வந்திருந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல, பெரிய பெரிய மாநாடுகளில் பேர் வாங்கிய தில்லைநாயகியும் வந்திருந்தாள்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம். பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். நகமுரா எழுந்து, குனிந்து வணங்கி, தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். தில்லைநாயகி கணீரென்று எடுத்துச் சொன்னாள்: “எனக்கு அறுபத்தெட்டு வயது. நான் மூன்று பேரன்களுக்குத் தாத்தா.”

ஊர்த்தலைவர் சடையப்பன் தலைமையில் உடனே ஆலோசனை கூடியது.

“முப்பது வயசுகூட இருக்காது. அறுபத்தெட்டுங்குது.”

“வயசை விடுப்பா. தாத்தாங்குதே, அதுக்கு என்ன சொல்ற?”

“படிச்சவங்க. நம்மளவிட அவங்களுக்குத்தான் தெரியும்” என்று தலைவர் முடித்துவைத்தார்.

தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி வந்தது. முழங்காலுக்குத் தைலமும் வந்தது. தேய்த்துவிட ஒருவர் குனிந்தபோது தில்லைநாயகி, தொழில் விதியை மீறி, சொந்தமாக வாய் திறந்தாள்.

“ஐயா, பேசுறது அவரு. அவரையே பாருங்க. நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்குங்க.”

சொன்னதைச் செய்வதில் கூழையூரை மிஞ்ச ஆளில்லை. சாய்வு நாற்காலி போனது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் போனது. பந்தியில் அவளுக்கு இலை விழவில்லை. “எனக்கு?” என்று கேட்டதும் பரிமாறியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

சாப்பாடு முடிந்ததும் நகமுரா கேட்க வந்ததைக் கேட்டார். தில்லைநாயகி நின்றபடியே சொன்னாள்: “உங்களுக்குப் பாலம் வேண்டுமா? வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்.”

பதில் இல்லை. ஊரே மரியாதையாக நகமுராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். அப்போதும் இல்லை. ‘வேண்டும்’ என்று அவளே சொல்லிவிடலாம்தான். ஆனால் சொந்தமாகப் பேசியதன் பலனை அவள் வயிறு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

மௌனத்தைப் பணிவான மறுப்பாக எடுத்துக்கொண்ட நகமுரா, குனிந்து வணங்கிப் புறப்பட்டார். பரிசலில் அவர் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் ஊர் சார்பாக ஒரு வாழைத்தாரை ஏற்றிவிட்டார்கள்.

சடையப்பன் கரையில் நின்று நொந்துகொண்டார். “தங்கமான மனுசன். என்ன கேக்க வந்தாரோ. எடுத்துச் சொல்ல ஒரு ஆளைக் கையோட கூட்டியாந்திருக்கலாம்.”

தில்லைநாயகி அடுத்த பரிசலில் போய் உட்கார்ந்தாள். பரிசல்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

“யாராச்சும் வரட்டும். காலிப் பரிசலை எதுக்குத் தள்ளணும்?”