பவளம் பிடித்த மூச்சு

“இன்னும் ஒரு துளை போகும்,” என்று உதுமான் ராவுத்தர் குதிரையின் விலாவில் முழங்காலை ஊன்றி வயிற்று வாரை இழுத்தார்.

“போகாது ராவுத்தரே. உள்ளே குட்டி இருக்கு. நேத்தே சொன்னேன்,” என்றது பவளம்.

குதிரைகள் வாய் திறந்து பேசிய நாட்கள் அவை. சேணத்தைப் போட்டதும், வாரை எந்தத் துளையில் மாட்டுவது என்று குதிரையிடமே கேட்பார்கள். அது சொன்ன துளையில் மாட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் ராவுத்தரும் போன ஐப்பசிவரை இருந்தார். ஐப்பசியில் ஒருநாள், சந்தையில் வெற்றிலை விற்றுவிட்டுத் திரும்பும்போது, பவளம் முன்னங்கால் வலிக்கிறது என்று நொண்டியது. பாவமாக இருந்தது. சேணத்தைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வரை நடந்தார். லாயத்தில் கொள்ளு வேகும் வாசனை வந்ததும் பவளம் அவரைத் தாண்டி ஓடிற்று. நான்கு கால்களிலும் நன்றாகவே ஓடிற்று.

“யாரோட குட்டி?” என்று இப்போது கேட்டார்.

“பாளையத்துச் சாம்பல் குதிரையோடது.”

“எப்போ?”

“சித்திரையில. ஆத்தங்கரையில. நீங்க லாடம் அடிக்கிறவரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க.”

சண்டை போட்டது உண்மைதான். அதனாலேயே ராவுத்தருக்குச் சந்தேகம் கூடியது. பொய் சொல்கிறவர்கள்தான் இவ்வளவு விவரமாகச் சொல்வார்கள்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சுலைகா, “அது நடையே மாறியிருக்குங்க,” என்றாள்.

“கொள்ளு வைக்கிறது யாரு? நீதானே? நீ அப்படித்தான் சொல்லுவ. இது கொள்ளு வயிறு.”

வாரை அந்தத் துளையிலேயே மாட்டினார். பவளம் முனகியது. சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வாரைக் கையில் எடுத்ததும் பவளம் மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்டது. வயிறு குதிர்போல எழும்பியது. எவ்வளவு இழுத்தும் வார் கடைசித் துளைக்குத்தான் எட்டியது. ஒரே ராத்திரியில் இவ்வளவா? கொள்ளுப் பானையைத் திறந்து பார்த்தார். வைத்த அளவு அப்படியே இருந்தது. சுலைகாவை ஒருமுறை பார்த்தார். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் பவளம் மூச்சை விட்டது. வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம்போல் இடம் வந்தது. வாய்க்காலில் இறங்கும்போது சேணம் பக்கவாட்டில் சுழன்றது. ராவுத்தரும் இரண்டு கட்டு வெற்றிலையும் சேற்றுக்குள் போனார்கள்.

“என்ன ராவுத்தரே, வெத்தலைக்கு வாய்க்கால் மண்ணோட ருசி சேர்த்திருக்கீங்களா?” என்றாள் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்.

அவர் குதிரைப் பக்கம் திரும்பி, “வார் எப்படித் தளர்ந்துச்சு?” என்றார். பவளம் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. “உன்னைத்தான் கேக்கிறேன்.” புல்லைத்தான் தின்றது. பேசாமல் இருப்பதும் ஒரு தந்திரமாகவே அவருக்குப் பட்டது.

அதற்கடுத்த நாள் அவர் தன் தலைப்பாகைத் துணியால் குதிரையின் வயிற்றை இரண்டு முறை அளந்தார். வார் மாட்டும்போது ஒருமுறை. பத்தடி நடத்திவிட்டு மறுமுறை. ஒரு சாண் குறைந்திருந்தது.

“காத்து!” என்று கத்தினார். “ஏய் சுலைகா, வந்து பாரு! காத்தை அடைச்சு வச்சு என்னை ஏமாத்துது!”

இனி விடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலை ஊன்றி, வாரை முழு பலத்தோடு இழுக்க இடது கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்தார்.

உள்ளேயிருந்து அவர் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது.

ராவுத்தர் அசையவில்லை. இரண்டாவது உதையும் விழுந்தது. இது காற்று இல்லை. மெல்ல வாரைக் கழற்றினார். சேணத்தை இறக்கினார்.

“சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“சொல்லிச்சு,” என்றாள் சுலைகா.

அன்றைக்கும் அதற்குப் பிந்திய நாட்களிலும் அவரே வெற்றிலையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனார். பங்குனியில் குட்டி பிறந்தது. சாம்பல் நிறம். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பாளையத்துக் குதிரையின் நெற்றியில் இருந்த சுழிகூட அப்படியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சேணத்தோடு லாயத்துக்கு வந்தார். “தப்பு என்னோடதுதான் பவளம். இனிமே நீ சொல்ற துளைதான். எதுல மாட்டட்டும்?”

பவளம் அவரைப் பார்த்தது. வாரைப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் மூச்சை இழுத்து வயிற்றை நிரப்பிக்கொண்டது.

ராவுத்தர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கடைசித் துளையில் மாட்டி, பவளத்தைப் பத்தடி நடத்திவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று, சட்டென்று குனிந்து இரண்டு துளை இறுக்கினார்.

அன்றிலிருந்துதான் குதிரைகள் மனிதரிடம் எதையும் சொல்வதில்லை. வாரைக் கண்டால் வயிற்றை உப்பிக்கொள்கின்றன. குதிரை வைத்திருப்பவர்களும் ஒருமுறை கட்டியதை நம்பாமல், நடத்திவிட்டு மறுபடியும் இறுக்குகிறார்கள்.

ராவுத்தர் ஏறிக்கொண்டார். தொட்டிக்குப் பக்கத்தில், முதுகில் ஒன்றுமில்லாமல் நின்றிருந்த குட்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.