முழங்கை வரை

"அந்த வரியை எழுதினவன் எவனோ, அவன் அயோக்கியன்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வைரவேல் இதைச் சொல்லிவிட்டார்.

சபுரா நிமிரவில்லை. பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வைரவேலுக்கு விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி. மூட்டை தூக்கியவர். அடிபட்டு, ஏமாந்து, இனி எவனிடமும் ஏமாறுவதில்லை என்று பல்லைக் கடித்து, சொந்தமாகச் சரக்குக் கிட்டங்கி கட்டியவர். நாற்பதுக்கு மேல் கேமரா ஆசை வந்தது. எங்கே புயல், எங்கே வெள்ளம் என்று கேள்விப்பட்டாலும் சனிக்கிழமை கிளம்பிவிடுவார். எடுத்த படங்களை ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுப்பார். அதைப் பார்த்து அரிசி வரும், போர்வை வரும்.

படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் சபுரா. மதுரையில் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"என்ன வரி?"

"'ஒரு வாய்ச் சோற்றுக்காக.'"

நின்றபடியே சொல்லித் தீர்த்தார். கடற்கரையோரம் ஒரு புயல் முகாம். ஒரு பெண் இரண்டு கைகளாலும் வெறுந்தட்டை நீட்டுகிறாள். முகத்தில் சாயங்கால வெயில். எடுத்தார். அமைப்பில் எவனோ அதன் கீழே அந்த வரியைப் போட்டு, பிளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக நட்டுவிட்டான். உதவி குவிந்தது.

அந்தப் பிளெக்ஸில் ஒன்று அவள் ஊரிலேயே நின்றது.

நேற்று அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். படத்தில் இருப்பவள் பெயர் சலேத்மேரி. முகாமில் அவள்தான் சமையல். எட்டு நாள், நானூறு பேர். வரிசையில் நின்றவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வைரவேலின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். படத்தில் வரவில்லை.

இப்போது வாண்டுகள்கூட அவளைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். வருஷா வருஷம் மாதா கோயில் அசனத்துக்கு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அந்தச் சோற்றுக்கு, அவள்தான் உலை வைப்பாள். இந்தத் தடவை கரண்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். அசனம் அடுத்த ஞாயிறு.

"அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்றார் வைரவேல். "அவ வாசலுக்கு இழுத்துட்டுப் போய் நிறுத்துறேன்."

பிறகு உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும் டீச்சர். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மண்டியா, கேமராவா? திங்கக்கிழமை காலையில ஏலம். அதுக்காக எங்க போனாலும் பாதியில ஓடி வர்றேன். ரெண்டுலயும் முழுசா இல்லை. எதை விடட்டும்?"

சபுரா கத்தரியை வைத்தாள்.

"வீட்டுல வற்றல் தீந்துபோச்சு. வாங்க."

"நான் என்ன கேக்கிறேன், நீங்க..."

"வாங்க அண்ணாச்சி."

கீழே மளிகைக் கடை. வாசலில் வாய் திறந்த வற்றல் மூட்டை. மேலே கிடந்தது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. சபுரா முகத்தைச் சுளித்தாள். மட்டமான சரக்கு, வேறு கடை பார்க்கலாம் என்றாள்.

வைரவேலுக்குச் சுருக்கென்றது.

"சும்மா இருங்க டீச்சர். மேலாப்புல பாத்துச் சரக்கைப் பேசுறவன் மண்டியில ஒரு நாள் தாங்க மாட்டான்."

சட்டைக் கையை மடித்தார். மூட்டைக்குள் முழங்கை வரை விட்டார். வெளியே வந்த பிடியில் வற்றல் கறுஞ்சிவப்பாக மின்னியது. ஒன்றை ஒடித்து முகர்ந்தார். ஒன்றைக் காதருகே ஆட்டி விதையின் சத்தம் கேட்டார். எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது, எத்தனை நாள் காய்ந்தது, யார் தோட்டம் என்று கடைக்காரரைக் குடைந்தார்.

"கால் கிலோவுக்கா அண்ணாச்சி? பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வியாபாரம் இல்லப்பா. களவு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். தோட்டக்காரர் பெயர் உட்பட.

எடுத்த பிடியை மூட்டைக்குள்ளேயே திருப்பிப் போட வைரவேல் கையை விட்டார்.

"அந்தம்மாகிட்ட என்ன கேட்டீங்க?" என்றாள் சபுரா.

"எந்தம்மா?"

அவள் இரண்டு கைகளாலும் தட்டை நீட்டுவதுபோல் காட்டினாள்.

மூட்டைக்குள் போன கை அங்கேயே நின்றது.

"வெளிச்சம் போயிட்டிருந்துச்சு," என்றார் வைரவேல்.

"படத்தை அனுப்பினப்போ என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலை."

"நீங்க எழுதலை. அவன் பாத்ததை எழுதியிருக்கான்."

வைரவேல் கையை உருவினார். முழங்கை வரை சிவப்புத் தூள். எரிந்தது. துடைக்கவில்லை.

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். சபுரா வாங்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

"எதை விடணும்னு நீங்க சொல்லவே இல்லையே." வைரவேலின் குரல் இறங்கியிருந்தது.

"அசனத்துக்கு ஒரு வாரம் இருக்கு," என்றாள் சபுரா. "நாளைக்கு ஏலம் முடிஞ்சதும், மண்டிக் கையைக் கழுவாமப் போங்க. அந்த அயோக்கியனை அவங்க வாசலுக்கு இழுத்துட்டுப் போறேன்னீங்களே. இழுத்துட்டுப் போய் நிறுத்துங்க."