ஆஹா சொல்லப் போன ஊரு

ஒரு ஊர்ல ஒரு ஜமீன்தாரு இருந்தாரு. மருதபூபதின்னு பேரு. மீசை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். மூளை அவ்வளவு நீளம் இல்ல. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

"ம்."

அவரு ஒரு நாள் புஸ்தகத்துல ஒரு படம் பார்த்தாரு. சீமையில எவனோ ஒரு ராஜா வீட்டுத் தோட்டம். எங்க பார்த்தாலும் பச்சைப் புல்லு, நடுவுல வானத்துக்குத் தண்ணி பீச்சுற தொட்டி. "எனக்கும் இது வேணும்"னுட்டாரு. நம்மூரு வெயில்ல, கண்ணு! ஆடு மேயவே புல்லு இல்லாத பூமியில!

அப்புறம் என்ன, ஊரே தண்ணி குடிக்கிற கம்மாய்க்கு வர்ற வாய்க்காலை மறிச்சுத் தோட்டத்துப் பக்கம் திருப்பிட்டாரு. தோட்டத்துல தண்ணி சொய்ங் சொய்ங்னு பீச்சுது. ஊருக்குள்ள கம்மா பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு ஊரு தாண்டி நடந்தாங்க.

அந்த ஊர்ல சீனித்தாயின்னு ஒருத்தி. அவ மக அப்பத்தான் புள்ளை பெத்திருந்தா. பிறந்து ஒம்பது நாளாச்சு, குழந்தைக்குத் தலைக்கு ஊத்தத் தண்ணி இல்ல. ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தாங்க. சீனித்தாயி தோட்டத்து வாசல்ல போயி நின்னா.

"ஐயா, ஒரே ஒரு நாள் வாய்க்காலைத் திறந்து விடுங்க."

"புல்லு வாடிடும்," அப்படின்னாரு ஜமீன்தாரு.

"புள்ளை வாடுதுங்களே?"

"புள்ளை வேற பெத்துக்கலாம். இந்தப் புல்லு கப்பல்ல வந்தது!"

சீனித்தாயி வீட்டுக்கு வந்து குழந்தை பக்கத்துல உக்காந்து அழுதா.

"ம்… அப்புறம்?"

அப்போ ஒரு சேதி வந்துச்சு. வெள்ளைக்காரத் தொரையும் தொரசானியும் தோட்டம் பார்க்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா ஜமீன்தாருக்குப் பெரிய பட்டம். உடனே தமுக்கு அடிச்சாங்க, டும் டும் டும்! "ஊரு சனமெல்லாம் குளிச்சுட்டு வந்து தோட்டத்தைச் சுத்திப் பார்க்கணும். யாரு என்ன கேட்டாலும் ஆஹான்னு மட்டும் சொல்லணும். வேற வார்த்தை பேசினா வீட்டைப் பிரிச்சுடுவோம்!"

எதுல குளிக்கிறதுன்னு மட்டும் சொல்லல.

தொரையும் தொரசானியும் வந்த அன்னைக்கு எல்லாரும் போனாங்க. வேற வழி? முதல்ல புல்லு. மிதிக்கக் கூடாது, ஓரமா நின்னு பார்க்கணும். "ஆஹா!" அப்புறம் ஒரு செடி. கத்தரிச்சுக் கத்தரிச்சு மயில் மாதிரி செஞ்சிருக்கோம்னான் தோட்டக்காரன். பார்த்தா கொழுத்த வாத்து. சிரிப்பை அடக்கிக்கிட்டு "ஆஹா!" மூணாவதா அந்தத் தண்ணித் தொட்டி. தெறிச்ச தண்ணி சீனித்தாயி மூஞ்சியில விழுந்துச்சு. நாக்கு வறண்டு கெடக்கு, நக்கிக்கக் கூட பயம். சின்னதா ஒரு "ஆஹா."

வர்ற வழியில வெடிச்ச கம்மாயைப் பார்த்திருந்த தொரசானி, இப்போ சீனித்தாயியைப் பார்த்துட்டா. பக்கத்துல மொழிபெயர்த்துச் சொல்ற துபாஷி நின்னாரு, அவரு மூலமா கேட்டா.

"தோட்டம் நல்லா இருக்கா?"

"ஆஹா!"

ஜமீன்தாரு மீசையைத் தடவிக்கிட்டாரு.

"இவ்வளவு தண்ணி ஏது? உங்க கம்மாத் தண்ணியா?"

சீனித்தாயி ஜமீன்தாரைப் பார்த்தா. அவரு சட்டுனு தலையை ஆட்டி இல்லேன்னு சைகை காட்டுறாரு. ஆனா இல்லேன்னு சொல்லக் கூடாதே! வேற வார்த்தை பேசினா வீடு போயிடுமே! அவ மூச்சை இழுத்து விட்டா.

"ஆஹா!"

"அப்போ உங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லையா?"

இப்போ அவ ஒருத்தி இல்ல, ஊரே சொல்லுச்சு. "ஆஹா!"

"மறிச்சது இவரா?"

"ஆஹா! ஆஹா! ஆஹா!"

ஜமீன்தாரு கத்துறாரு, "நிறுத்துங்கடா!" அதுக்கும் "ஆஹா!"

"ஹி ஹி… தொரை திட்டினாரா?"

தொரையா? அவரு வண்ணத்துப்பூச்சியைப் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு யாரு செத்தா என்ன? தொரசானிதான் முகம் செவந்து போயி, "இப்பவே திறங்க, நான் பார்க்கணும்"னா. பட்டம் போயிடுமேன்னு ஜமீன்தாரு தானே ஓடினாரு. சேத்துல வழுக்கி தொபுக்கடீர்! எழுந்து மதகைத் தூக்கினாரு. தண்ணி களகளகளன்னு ஊரைப் பார்த்து ஓடுச்சு. தொட்டி கொர்ர்… புஸ்ஸுன்னு அடங்கிடுச்சு.

எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னாங்க. சீனித்தாயி மட்டும் வாய்க்கால்ல ஒரு குடம் மொண்டுக்கிட்டு ஓட்டமா ஓடினா. வெந்நி வச்சு, குழந்தையைக் கால்ல குப்புறப் போட்டு, தலைக்கு ஊத்தினா. வீல்னு ஒரு அழுகை! அதைக் கேட்டு இவ சிரிச்சுக்கிட்டே அழுதா.

அப்புறம் ஜமீன்தாருக்குப் பட்டம் வந்துச்சு. ஆமாம், வந்துச்சு! ஊருக்குத் தண்ணி குடுத்த வள்ளலாம். இன்னைக்கும் அந்தத் தோட்டத்துக்குப் பஸ்ஸு பஸ்ஸா ஆளு வருது. வாசல்ல பெரிய கல்வெட்டு, அதுல வள்ளல் பேரு. எல்லாரும் அது முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க.

"சீனித்தாயி பேரு…?"

கல்லுல இடம் பத்தலையாம், கண்ணு. ஆனா உனக்குத் தெரியும்ல? அது போதும். கதை இத்தோட சரி. போர்வையை இழுத்துக்க, கண்ணை மூடு.