சிப்பி எண்ணிய ஏழு ஏற்றம்

உயிர்களுக்கெல்லாம் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், சீன தேசத்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரம் இருந்தது. ஆற்றின் வடகரையில் பீங்கான் சூளைகள். தென்கரையில் கப்பல்துறை. நம் பக்கத்து மிளகு அங்கே இறங்கும். பீங்கானும் பட்டும் தேயிலையும் அங்கிருந்து ஏறும். ஊரின் பிழைப்பே அந்த ஆற்றைக் கடப்பதில்தான் இருந்தது. ஆண்டுக்கு ஒன்பது படகாவது கவிழும்.

கல்தச்சர் ஓங் பாலம் கட்டினார். ஐந்து முறை கட்டினார். ஐந்து முறையும் ஆற்று வெள்ளம் அடிக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

அப்போது சிப்பிகள் எதிலும் தங்காது. கடல் ஏறும்போது ஆற்றுக்குள் வரும், வற்றும்போது திரும்பிப் போகும். அவற்றில் ஒருத்தியிடம் ஓங் வந்தார்.

"தங்கச்சி, உன் உதட்டுப் பசை கல்லையே பிடிக்குமாமே. சாந்து இறுகுறவரைக்கும் நீயும் உன் சனமும் அடிக்கல்லைப் பிடிச்சுக்கணும்."

"எவ்வளவு நேரம், மேஸ்திரி?"

"கடல் ஏழு ஏற்றம் ஏறுறவரைக்கும்."

"எட்டாவது ஏற்றத்துல என் வீட்டுக்காரர் வந்துருவாரு. ஆழத்துக்குப் போற நீரோட்டம் வருசத்துக்கு ஒரு தடவைதான். விட்டா அவ்வளவுதான்."

"ஏழோட சரி."

அவள் ஒட்டிக்கொண்டாள். அவளை நம்பி அவள் இனமும் ஒட்டிக்கொண்டது.

எட்டாவது ஏற்றம் வந்தது. கூடவே அவள் புருஷன் குரலும் வந்தது. "ஏய், எங்கே இருக்கே? ஓட்டம் திரும்புது, வா!"

அவள் பிடியைத் தளர்த்தினாள். மேலே பாலம் அசைந்தது. கப்பல் புறப்படும் அவசரத்தில் சுமைக்காரர்கள் பீங்கானோடு ஏறியிருந்தார்கள்.

"மேஸ்திரி, உங்க பாலம் எங்க மாமியாரைவிட அதிகமா முனகுது!" என்று சிரித்தாள் முன்னால் போன சுமைக்காரி சுவீ. அடுத்த அசைவில் அவள் கூடையிலிருந்து ஒரு ஜாடி ஆற்றில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

ஓங் குனிந்து கத்தினார். "தங்கச்சி, விட்டுடாதே! இன்னும் மூணு இருக்கு!"

"ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது, மேஸ்திரி."

"நாலு நாள்தானே ஆச்சு?"

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும். இரவு ஏற்றம் ஓங் தூங்கும்போது வந்து போவது. அதை அவர் எண்ணவே இல்லை.

"மேலே எத்தனை பேர்?" என்றாள்.

"நாற்பத்து மூணு."

அவள் மறுபடியும் உதட்டைக் கல்லில் இறுக்கினாள். புருஷன் மறுபடியும் கூப்பிட்டான். பதில் சொல்ல வாய் திறந்தால் பிடி விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, "முன்னாலேயே போயிட்டா போல. எதுக்குத்தான் இவளுக்கு இந்த அவசரமோ" என்று சொல்லிக்கொண்டு, அவளை எட்டிப் பிடிக்க அவன் ஓட்டத்தோடு விரைந்தான்.

நாற்பத்து மூன்று பேரும் கரை ஏறினார்கள்.

மூன்று நாள் கழித்துச் சாந்து இறுகியது. ஓங் தண்ணீரில் இறங்கி, "போகலாம், தங்கச்சி" என்றார். அவள் ஓட்டில் ஒரு பாதி கல்லோடு கல்லாகியிருந்தது. உளியை எடுத்தார். பெயர்த்தால் அவள் உடைவாள் என்று தெரிந்ததும் உளியை ஆற்றிலேயே போட்டுவிட்டார்.

சிப்பி பிடித்த கல்லை விடாததும், வாய் பேசாததும் அந்த நாளிலிருந்துதான். கடல் ஏறி வரும்போது மட்டும் ஒரு நூலளவு திறக்கும். யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்கத்தான்.